கரண்டி என் மகள் கையில்

வளர்ந்தும் புத்தி வளராத என் மகளைத் திரும்பக் கூட்டிவர, கமுதியிலிருந்து, யுத்தகாலத்தில் பெட்ரோலுக்குப் பதில் கரியில் ஓடிய பஸ் இரண்டு மாறிப் போனேன். கடலோரத்தில், புத்தி சரியில்லாதவர்களை எப்போதும் பூட்டியே வைத்திருக்கும் ஆஸ்பத்திரி அது. காவல்காரம்மாவுக்கு ஒல்லி உடம்பு, முந்தானையில் சாவி. என்னை உள்ளே விட்டுக் கதவைப் பூட்டி, பூட்டை ஒருதரம் இழுத்துப் பார்த்தாள். அது அவள் பழக்கம்.

உள்ளே என் மகள் எல்லாருக்கும் கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்தாள். வீட்டில் நான் ஊட்டிவிட்ட பிள்ளை. கொட்டிவிடுவாளே என்று கரண்டியை வாங்கப் போனேன். காவல்காரம்மா தடுத்தாள்.

"கைய எடுங்கக்கா. இந்த வாரம் அவதான் ஊத்தணும்னு இங்கன இருக்கவுக எல்லாரும் கூடிப் பேசுனது. நானே வரிசையிலதான் நிக்கணும்."

"நான் பெத்தவ. கூட்டிப்போக வந்திருக்கேன்."

"அத அவகிட்டக் கேளுங்க."

மகள் நிமிர்ந்தாள். "ஆத்தா, வரிசையில வா."

அலுத்த காலோடு நின்றேன். எனக்கு முன்னால் காவல்காரம்மா தட்டேந்தி நின்றாள். என் முறை வந்தது. மகள் சிந்தாமல் ஊற்றினாள்.

"வீட்டுக்கு வாரியாடி?"

"பின்னாடி ஆள் நிக்குது. நகரு ஆத்தா."

தனியாகத்தான் திரும்பினேன். என்னை வெளியே விட்டதும் காவல்காரம்மா பூட்டை இழுத்துப் பார்த்த சத்தம் கேட்டது. பூட்டிய கையும் தட்டேந்திய கையும் ஒருத்தியுடையதுதானா? இன்னும் எனக்குப் பிடிபடவில்லை.