பிளக்

அப்போதெல்லாம் எங்கள் பாம்பனில் பரீட்சையில் தோற்றவனைப் பெயில் என்று சொல்வதில்லை. ‘பிளக் ஆயிட்டான்’ என்பார்கள். சுதந்திரம் வந்து ஏழெட்டு வருசமாகியும் அந்தச் சொல் ஊரைவிட்டுப் போகவில்லை.

அக்கா ராமநாதபுரம் கன்னியர் பள்ளியில் எஸ்.எஸ்.எல்.சி. எழுதிவிட்டு வந்திருந்தாள். தேறினால் டீச்சர் டிரெயினிங், தவறினால் கல்யாணம் என்று அய்யா சொல்லியிருந்தார். முடிவு வருவதற்குள் தலைமைக் கன்னியாஸ்திரியிடமிருந்து இங்கிலீஷில் ஒரு கடிதம் வந்தது. அக்கா மாதா கோவிலுக்குப் போயிருந்தாள். அய்யா கடிதத்தை என்னிடம் நீட்டினார். ஆறாம் வகுப்புப் பெரிய மனுசன் நான்! எழுத்துக்கூட்டிப் பார்த்ததில் எனக்குத் தெரிந்த சொல் ஒன்றே ஒன்றுதான் அகப்பட்டது.

“அக்கா பிளக்காம் அய்யா.”

அக்கா வந்து கடிதத்தை வாங்கிப் படித்தாள். “காய்ச்சலோட எழுதுனேன்ல, அதச் சொல்றாக. பிளக்னா தைரியம் அய்யா,” என்றாள். அய்யா என்னைப் பார்த்தார். தெரியாது என்று சொல்ல எனக்கு மானக்கேடாக இருந்தது. “பெயில்தான்,” என்று சாதித்தேன்.

“தோத்தவ வேற எப்பிடிச் சொல்லுவா,” என்று அய்யா எழுந்து போய்விட்டார்.

வெகுகாலம் கழித்து அகராதியில் தேடினேன். அறுத்த ஆட்டின் ஈரக்குலைக்குத்தான் முதலில் அந்தப் பெயராம். அதுவே பிறகு தைரியமாயிற்று. பரீட்சையில் தள்ளுவதற்கும் அதே சொல். மூன்றையும் அச்சில் பார்த்தபோது என் ஈரக்குலை நடுங்கியது.

அந்த வருசம் பேப்பரில் தேறியவர்கள் வரிசையில் அக்காவின் நம்பர் வந்தபோது, தங்கச்சிமடத்து மாப்பிள்ளைக்கு அவளைப் பேசி, கோவிலில் மூன்று ஞாயிறும் இன்னாருக்கு இன்னார் என்று சபையறியக் கல்யாண ஓலை வாசித்தாகிவிட்டது. அய்யா பேப்பரை மடித்து வைத்தார். “ஓலை படிச்சாச்சு. இனி என்ன செய்ய,” என்று மட்டும் சொன்னார்.

அக்கா அழுவாள், என்னை அடிப்பாள் என்று பயந்து கிணற்றடியில் நின்றிருந்தேன். அவள் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“ஏலே, தெரியலன்னு ஒரு வார்த்தை சொல்ல ஒனக்கு என்னலே பயம்?”

அவள் இங்கிலீஷைத்தான் கேட்கிறாள் என்று நினைத்தேன்.

“அடுத்த வருசம் நல்லாப் படிச்சிருவேன்க்கா,” என்றேன்.