மிஷின் அக்கா கழற்றிய கதவு

கீழ்வீட்டில் தையல் மிஷின் பழுது பார்க்கும் அக்காவுக்கு எங்கள் கட்டடத்தில் மிஷின் அக்கா என்றுதான் பெயர். திருப்புளியைத் திருப்பும்போது கண்ணை மூடிக்கொள்வார். திருகாணி அசைவது கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே கைக்குத் தெரிந்துவிடுமாம்.

அன்று காலை அப்பா குளியலறையில் வழுக்கி விழுந்தார். எழ முடியவில்லை. உள்ளே போட்டிருந்த தாழ்ப்பாள் எட்டாத உயரத்தில். கதவிலேயே முதுகைச் சாய்த்து உட்கார்ந்துவிட்டார். உடைத்தால் பலகை அவர் மேல்தான் விழும்.

நல்லவேளை, கீல் பட்டைகள் வெளிப்பக்கம் இருந்தன. ஆனால் அண்ணன் பதற்றத்தில் திருப்பித் திருப்பி, திருகாணித் தலைகளில் இருந்த பள்ளத்தையெல்லாம் மழுக்கிவிட்டான். நான் கீழே ஓடினேன்.

அக்கா வந்து கீலைப் பார்த்தார். பிறகு அண்ணனைப் பார்த்தார்.

"வரமாட்டேங்குதுக்கா."

"இப்படிக் கூப்பிட்டா நானும்தான் வரமாட்டேன். தள்ளு."

பள்ளத்தில் உறைந்திருந்த பெயின்டை ஊசியால் கிளறினார். எண்ணெய் விட்டார். திருப்புளியை வைத்து அழுத்தி, முடுக்கினார்.

"அக்கா! கழட்டணும்!"

"தெரியும்டா. முதல்ல அது போற பக்கமே கொஞ்சம் போகட்டும். பிடி விட்டதும் திருப்பிக் கூட்டிட்டு வரலாம்."

அப்படியே ஒவ்வொன்றாக வந்தன. கீழ்க் கீலில் ஒன்று மட்டும் மசியவில்லை. தலை முழுக்க வழவழப்பு. சுத்தியலால் தட்டவும் முடியாது. சரியாக அப்பாவின் முதுகுக்கு நேரே இருந்தது.

"மாமா, என்ன சத்தத்தையே காணோம்?"

"இருக்கேம்மா..." குரல் தேய்ந்திருந்தது.

"தூங்கிடாதீங்க. உங்க பையன் பண்ணின வேலைக்கு நல்லா நாலு திட்டு திட்டுங்க, கேப்போம்."

அப்பா திட்ட ஆரம்பித்தார். அண்ணன் தலை குனிந்தான். அக்கா சைக்கிள் டியூபில் ஒரு துண்டு நறுக்கி, வழவழத்த தலைமேல் வைத்து, தோளின் பாரம் முழுவதையும் திருப்புளியில் இறக்கினார். கண்ணை மூடினார். ரப்பர் கவ்வியது. திருகாணி முனகிக்கொண்டே வெளியே வந்தது.

கதவைச் சாயாமல் பிடித்து மெல்ல விலக்கினோம். அப்பாவைத் தூக்கிக் கட்டிலில் கிடத்தினோம். கணுக்கால் மட்டும் வீங்கியிருந்தது.

மாலையில் கதவை மாட்டும்போது அக்கா ஒவ்வொரு புதுத் திருகாணியையும் சோப்பில் தேய்த்தார்.

"சோப்பு எதுக்குக்கா?"

"அடுத்த தடவை சுலபமா வரும்."

"அடுத்த தடவையா?" கட்டிலிலிருந்து அப்பா அலறினார். "முதல்ல அந்தத் தாழ்ப்பாளைக் கழட்டும்மா!"

அக்கா சிரித்துக்கொண்டே தாழ்ப்பாளின் திருகாணியில் திருப்புளியை வைத்தார். கழற்றுவதற்கு முன், வழக்கம்போல், சற்று முடுக்கினார்.