கேன் மூடியில் சந்தனம்

புருஷனை விட எஞ்சின் மேல்தான் அமராவதிக்குப் பாசம் ஜாஸ்தி என்று பரங்கிப்பேட்டை மீனவர் தெருவில் கிண்டல் செய்வார்கள். சுனாமியில் கட்டுமரம் போய், ஃபைபர் படகும் அதன் பின்னால் மாட்டும் எஞ்சினும் வந்ததிலிருந்து, வெள்ளிக்கிழமை தவறாமல் கழுவிச் சந்தனம், குங்குமம் வைத்துத்தான் கணவன் பழனிவேலைக் கடலுக்கு விடுவாள். எஞ்சினுக்கு எண்ணெய் போகும் பிளாஸ்டிக் கேன்கூட அவள் பொட்டுக்குத் தப்பாது.

2008 ஆயுத பூஜைக்கு எல்லாவற்றுக்கும் வழக்கத்தை விடக் கனமாகவே பொட்டு வைத்தாள். அது முடிந்ததும் எஞ்சின் மக்கர் செய்யத் தொடங்கியது. கரையில் ஜோராக ஓடும். கொஞ்ச தூரம் போனதும் வேகம் குறைந்து, இருமி, நின்றுவிடும். எண்ணெய் தீர்ந்ததா என்று பழனிவேல் மூடியைத் திறந்து பார்ப்பான். முக்கால் கேன் இருக்கும். மூடிவிட்டுக் கயிற்றை இழுத்தால் ஒன்றுமே நடக்காதது போல் ஓடும். பிறகு மறுபடி படுத்துவிடும்.

சிதம்பரம் போய்ப் புது பிளக் வாங்கி மாட்டினான். மெக்கானிக் சபாபதி கார்புரேட்டரைப் பிரித்துக் கழுவி, கடையிலிருந்த தன் கேனை மாட்டி ஓட்டிப் பார்த்தார். எந்தக் கோளாறும் இல்லை.

"எஞ்சின் மேல குத்தமே இல்ல பழனி. எவன் கண்ணு பட்டுச்சோ!"

அந்த வார்த்தை போதாதா அமராவதிக்கு? அன்று முதல் தினமும் பொட்டு. நேற்று வைத்ததன் மேலேயே இன்று இன்னும் கனமாக.

அடுத்த வாரம் வெள்ளாற்று முகத்துவாரத்தில், அலை எழும்பி வந்த நேரம் பார்த்து எஞ்சின் அடங்கியது. படகு குறுக்கே திரும்ப, பழனிவேல் தண்ணீரில் விழுந்தான். கூடப் போயிருந்த அமராவதியின் அண்ணன் பொன்னுரங்கம் தலைமுடியைப் பிடித்துத் தூக்கியதால் உயிர் மிஞ்சியது. வேறொரு படகு அவர்களைக் கட்டி இழுத்து வந்தது.

கரையில் கணவன் உப்புத் தண்ணீரைக் கக்கிக்கொண்டிருக்க, அமராவதி அழுதுகொண்டே சாமான்களை இறக்கினாள். கேனைத் தூக்கியவள் திகைத்தாள். அதன் பக்கங்கள் பட்டினி வயிறு மாதிரி ஒட்டிப்போயிருந்தன. மூடியைத் திருகினாள். புஸ்ஸென்று காற்று உள்ளே பாய, கேன் மடமடவென்று உப்பியது.

பொன்னுரங்கம் மூடியைப் பிடுங்கிப் பார்த்தான். காற்றுக்காகப் போட்ட ஊசி ஓட்டையைக் காணோம். அதன் மேல் சந்தனம் அடை அடையாகக் காய்ந்திருந்தது.

"காத்து போவாம எண்ணெ எப்படி எறங்கும்? யாருடி இங்க பொட்டு வச்சது?"

யார் என்று அவனுக்குத் தெரியாதா? அமராவதி அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஐயோ மாமா, நானே ஒன்ன கொல்லப் பாத்தேனே!"

பழனிவேல் வாயைத் துடைத்துக்கொண்டான்.

"அழுவாத. நானும்தான தெனம் அந்த மூடியத் தொட்டுக் கும்புட்டுட்டுப் போனேன்."

அவள் தாலிச் சரட்டில் கிடந்த ஊக்கைக் கழற்றி, அந்த ஓட்டையைக் குத்தித் திறந்தாள்.

வெள்ளிக்கிழமைப் பொட்டு நிற்கவில்லை; கேன் மூடிக்கு மட்டும் கிடையாது. அந்த ஊக்கு தாலிக்குத் திரும்பவுமில்லை. கேன் பிடியில் நூலால் கட்டி, அவனோடு கடலுக்கு அனுப்பிவிடுகிறாள்.