மூச்சுக்கு ஒரு வசனம்

வேலையில் சேர உடல்தகுதிச் சான்று வாங்கப் போன இடத்தில்தான் எக்ஸ்ரே எடுக்கும் அந்த அம்மாவை முதலில் பார்த்தேன். எங்கள் வம்சத்திலேயே கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். பட்டச் சான்றிதழ் இருந்த உறையை மார்போடு அணைத்தபடி எக்ஸ்ரே எந்திரத்தின் முன் நின்றேன்.

"பட்டத்தை அப்படி வெச்சிட்டு வாங்க தம்பி, நெஞ்சை மறைக்குது. மூச்சை இழுங்க. பிடிங்க. விடுங்க."

அவர் மேசையில் கிடந்த பழைய எக்ஸ்ரே உறைகளின் பின்பக்கமெல்லாம் வசனங்கள். கேட்டேன். முன்பிருந்த எந்திரம் ரஷ்யாவில் செய்ததாம். அதன் கையேட்டைப் படிக்க மாலை வகுப்பில் சேர்ந்தவர், ஒன்பது வருடம் அந்த மொழியை விடவில்லை. இப்போது ஒரு பழைய ரஷ்ய நாடகத்தைத் தமிழாக்கிக்கொண்டிருந்தார். கோபித்துப் போன தம்பிக்காகக் காத்திருக்கும் அக்காக்களின் கதை. ஒரே நிபந்தனை: படம் எடுக்க ஒருவர் மூச்சைப் பிடிக்கிற நேரத்துக்குள் வசனம் முடிய வேண்டும்.

"ஏங்கிக் கிடக்கறவங்களுக்கு நீளமாப் பேச மூச்சு ஏது?"

நான் சேர்ந்த அலுவலகத்தின் நாடகக்குழு அதே நாடகத்தைத்தான் போடவிருந்தது, பழைய மொழிபெயர்ப்பை வைத்து. இவரைப் பற்றிச் சொன்னேன்.

"எக்ஸ்ரே எடுக்கறவங்களுக்கு எதுக்குப்பா இலக்கியம்?" என்றார் இயக்குநர்.

"நீங்க கோப்பு பாக்கறவர்தானே சார், நாடகம் போடலையா?"

சிரித்துவிட்டார். இரண்டையும் வாசித்துப் பார்ப்போம், வெல்வது மேடைக்கு என்று முடிவாயிற்று.

சனிக்கிழமை காலை எக்ஸ்ரே அம்மா தன் அக்காவோடு வந்தார். ஆறு வருட உழைப்பு இரண்டு பைகளில் இருந்தது.

"வேணாம்னுட்டாங்கன்னா இத்தனை உறையையும் நீதான்டி தூக்கிட்டு வரணும். எனக்கு முழங்கால் வலி" என்றாள் அக்கா.

நாடகத்தில் மூத்த அக்காவாக நடிக்கும் டெலிபோன் ஆபரேட்டர் முதலில் பழையதை வாசித்தார். பாதியிலேயே மூச்சு வாங்கியது.

"சார், இந்த வாக்கியம் முடியறதுக்குள்ள தம்பியே வந்துடுவான்!"

அடுத்து உறையைப் புரட்டினார்.

"கதவைச் சாத்தாதே. அவன் தட்டக் கூச்சப்படுவான். கோவிச்சுக்கிட்டுப் போனவன்."

இயக்குநர் கதவையே பார்த்தபடி இருந்தார்.

"மூச்சை விடுங்க சார்" என்றார் இவர், பழக்க தோஷத்தில்.

அந்த நாடகம் பதினாறு முறை மேடையேறி, புத்தகமாகவும் வந்துவிட்டது. அட்டையில் அவர் பெயர் இருக்கிறது. அவர் இன்றும் அதே எக்ஸ்ரே அறையில் வேலை செய்கிறார். உறைகளின் பின்பக்கத்தில் அடுத்த நாடகம் இரண்டாம் அங்கம் வரை வந்திருக்கிறது.