புளியறை வரை வந்த மிஸ்ரியா

பீர் மைதீனுக்குக் கேரளத்துப் புனலூர் போவதென்பது அடுத்த தெருவுக்குப் போவது மாதிரி. தென்காசியில் காய்கறி லோடு ஏற்றினால் மலையேறி அங்கேதான் இறக்குவான். தங்கச்சி மிஸ்ரியாவை அங்கே கட்டிக் கொடுத்ததே, நினைத்தபோது பார்த்துக்கொள்ளலாம் என்றுதான். கொரோனா வந்து எல்லையை அடைத்தபோதும் காய்கறி லாரியை விட்டார்கள். ஆட்களைத்தான் விடவில்லை.

அந்த ஆனியில் குற்றாலத்தில் தண்ணீர் கொட்டியது, குளிக்க ஆளில்லை. நெஞ்சுவலியென்று படுத்த உம்மா ஹைருன் பீவி, "மிஸ்ரியா வந்துட்டாளா?" என்று கேட்டுக் கேட்டே ஒரு காலையில் கண்ணை மூடினாள்.

சேதி கேட்டதும் மிஸ்ரியா பாஸுக்குக் காத்திராமல் புருஷனோடு கிளம்பிவிட்டாள். புளியறை சோதனைச்சாவடியில் மறித்துவிட்டார்கள். பீர் மைதீன் பைக்கில் பறந்தான்.

"சார், உம்மா மையித்து வீட்ல கெடக்கு. முகத்த மட்டும் பாத்துட்டுத் திரும்பிருவா."

"புரியுது பாய். பாஸ் இல்லாம விட்டா என் வேல போயிரும்."

"நான் தெனமும் போய்ட்டு வாரேன்லா?"

"நீங்க லாரி டிரைவர், பாய்."

ஜமாஅத்திலிருந்து போன் வந்தது. இனியும் மையித்தை வைத்திருக்க முடியாது என்றார்கள்.

"நீ போண்ணே," என்றாள் மிஸ்ரியா. "நீயாவது மண்ணு போடு."

தடுப்பைப் பிடித்திருந்த அவள் கையைத் தொடப்போனான். "தொடாதீங்க பாய்," என்ற போலீஸ்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அடக்கம் முடிந்து மறுபடி லோடு ஏற்றிய அன்று புனலூரில் தங்கை வீட்டு முற்றத்தில் போய் நின்றான். எல்லைக்குப் போய் வந்ததால் அவள் தனிமையில் இருக்கவேண்டும், வீட்டுக்குள் யாரும் வரக்கூடாது என்று சுகாதாரத்துறையினர் சொல்லியிருந்தார்கள். ஜன்னலுக்கு உள்ளே நின்று கேட்டாள்:

"உம்மா என்னயக் கேட்டாளாண்ணே?"

வழியெல்லாம் யோசித்து வைத்திருந்ததைச் சொன்னான். "இல்லட்டி. மயக்கத்துலயே போயிட்டா."

ஆறுதலாகும் என்று நினைத்திருந்தான். அவள் முகம் சுருங்கிப்போனது. "ஒரு தடவகூடவா கேக்கல?"

அவனால் தாங்கமுடியவில்லை. "பொய் சொல்லிட்டேன் ஏட்டி. உன் பேரத்தான் சொல்லிக்கிட்டு இருந்தா. வாசலையே பாத்துக்கிட்டுக் கெடந்தா."

மிஸ்ரியா ஜன்னல் கம்பியில் நெற்றியை முட்டிக்கொண்டு அழுதாள். அவன் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு முற்றத்திலேயே உட்கார்ந்துவிட்டான்.

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "சாப்பிட்டியாண்ணே?" என்று கேட்டாள்.

உள்ளே வா என்று அவளால் கூப்பிட முடியாது. அவன் சாப்பிட்டாச்சு என்று தலையை மட்டும் ஆட்டினான்.