முதலில் எழுது, பிறகு அணை

தாய்மார் கிளினிக்கின் சுவரில், ஸ்கான் இயந்திரத்துக்கு நேர் மேலே, ஒரு தாள் ஒட்டியிருந்தது. "திரை கறுத்தால் உடனடியாகக் கணினியின் ஆழியை (சுவிட்ச்) அணைத்து மீளப் போடவும்." கீழே என் கையொப்பம், பதவி முத்திரை. வைத்தியசாலை அலுவலகத்தின் பிரதம இலிகிதராக நான் வெளியிட்ட அறிவுறுத்தல்களில் எல்லோரும் சொன்னபடி செய்தது அந்த ஒன்றைத்தான். பிழையானதும் அதுதான்.

தீவின் பெயர் வேண்டாம். சொன்னால் விளக்கம் கேட்டுக் கடிதம் வரும். ஊர்காவற்றுறைக்குப் படகேறும் தீவு என்று வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் சிறிய வைத்தியசாலையில் அந்த இயந்திரம் எடுக்கும் படத்தை ஒரு பழைய கணினிதான் திரையில் காட்டியது. குழந்தையின் தலையை அளக்கும் நேரம் பார்த்துத் திரை கறுக்கும். இயந்திரத்தைக் கழித்துவிடலாம் என்று மேலிடம் எழுதியது. கழித்தால், கர்ப்பிணிகள் மாரிக்கடலிலும் படகேறி யாழ்ப்பாணம் போகவேண்டும்.

அந்த நிலையில்தான் கணினி உத்தியோகத்தர் மாற்றலாகி வந்தார். கடற்றொழில் செய்யும் குடும்பத்துப் பெண். கதிரையில் உட்காரும் முன்பே சுவரைப் பார்த்தார்.

"இதை ஆர் ஐயா ஒட்டினது?"

"நான்தான். ஏன், எழுத்துப் பிழையோ?"

"எழுத்தெல்லாம் வடிவாத்தான் இருக்கு. ஏன் விழுந்தனான் எண்டு அது சொல்ல முன்னம் நீங்கள் கழுத்தைத் திருகிறியள்."

அணைத்ததும் கணினியின் நினைவில் இருந்ததெல்லாம் அழிந்துவிடுமாம். அணைக்காமல் விட்டாலும் பெரிய பயனில்லை. திரைக்குப் படம் அனுப்பும் டிரைவர் என்ற மென்பொருள் "நின்றுவிட்டது" என்று மட்டும் குறித்துவிட்டுப் பேசாமல் இருந்துவிடும். வெளிநோயாளர் பிரிவுக்கு வந்து "நோகுது" என்று மட்டும் சொல்லும் நோயாளியைப் போல. எந்த வேலையின்போது நின்றது, அப்போது என்ன நிலையில் இருந்தது என்று அது எழுதிவைக்க வேண்டும். அதற்கு இயங்குதளத்தின் அடித்தளமான கேர்னலையே திருத்த வேண்டும் என்றார். நம் கணினியில் மட்டும் திருத்தினால் அடுத்த புதுப்பிப்பில் அது காணாமல் போகும். எனவே கேர்னலைப் பராமரிப்பவர்களுக்கே எழுதி அனுப்பினார்.

மூன்று தடவை திருப்பி அனுப்பினார்கள். அந்தப் பதில்களை வாங்கி வாசித்தேன். இப்படி முறை தெரிந்த மனிதர்களைக் கண்டு பல காலமாகியிருந்தது.

"என்ன ஐயா சிரிக்கிறியள்?"

"ஒரு கடிதத்தில மூண்டு விசயம் எழுதியிருக்கிறீர். நானெண்டாலும் திருப்பித்தான் அனுப்புவன்."

பிழையைப் பதிவது ஒன்று, அதைப் பாதுகாப்பது ஒன்று, கேட்பவருக்குக் காட்டுவது ஒன்று என்று பிரித்தோம். ஒவ்வொன்றின் தலையிலும் காரணத்தை எழுதினோம். மறுபடி அனுப்பிவிட்டு, பதில் வரும்வரை கிளினிக் கணினியில் அந்தத் திருத்தத்தை ஓடவிட்டார்.

நாலாம் நாள் திரை கறுத்தது. திரைச்சீலைக்கு இந்தப் பக்கம் நின்ற எனக்கு, ஆழியை நோக்கிப் போகும் தாதியின் கை தெரிந்தது.

"மிஸி, கை வையாதேங்கோ!"

வைத்தியசாலைக்குள் நான் சத்தம் போட்டது அன்று மட்டும்தான். கட்டிலில் கிடந்த பெண் பதறினாள். "ஐயோ, பிள்ளைக்கு என்ன?"

"பிள்ளை சுகமா இருக்கு. பெட்டிக்குத்தான் வருத்தம்" என்றார் உத்தியோகத்தர், தன் மடிக்கணினியிலிருந்து தலையைத் தூக்காமலே.

பதிவு கிடைத்தது. தலையை அளப்பதற்காகப் படத்தை அசையாமல் நிறுத்துவார்கள். வேலை முடிந்ததென்று எண்ணி, மின்சாரம் மிச்சம் பிடிக்கத் திரைப்பகுதி உறங்கப் போயிருக்கிறது. பிறகு எழும்பவில்லை. என் உத்தியோகத்தர்களிலும் அந்த வகையினரைக் கண்டிருக்கிறேன். அந்த உறக்கத்தைத் தடுத்ததோடு கறுப்பதும் நின்றது. பதிவின் பிரதியை இணைத்து மேலிடத்துக்கு நானே எழுதினேன். இயந்திரம் கழிக்கப்படவில்லை. நாலாவது தடவை கேர்னல்காரரும் ஏற்றுக்கொண்டார்கள்.

உத்தியோகத்தர் மாற்றலாகிப் போனார். நான் ஓய்வு பெற்றேன். போன கிழமை சிறுநீரகக் கல்லுக்காக அதே கட்டிலில் படுத்தேன். தாள் இன்னும் இருக்கிறது. என் வசனத்தைச் சிவப்பு மையால் வெட்டி, கீழே அவர் எழுதியிருந்தார்: "முதலில் எழுது. பிறகு அணை." கையொப்பம் இல்லை, திகதி இல்லை. முறைப்படி செல்லாது.

ஸ்கான் முடிந்ததும் மிஸியிடம் பேனை வாங்கினேன். எனக்கு இப்போது எந்த அதிகாரமும் இல்லை. அந்த வசனத்தின் கீழ் கையொப்பமிட்டேன்.