அன்சாஃப் போன வீடுகள்

எகிப்தில், நைல் நதிக்கு அந்தப் பக்கம் மின்யா நகரம்; அதற்கு எதிர்க்கரையில், சுண்ணாம்புக்கல் குவாரிகளை ஒட்டி எங்கள் ஊர். அங்கே ரொட்டி சுட்டு விற்றுப் பிழைத்தவள் அன்சாஃப். கணவன் குவாரியில் இறந்து வெகுகாலமாகிவிட்டது. அவள் வாய்க்கு ஊரே பயப்படும். சபையில் கடைசி பெஞ்சில் உட்காருவாள். பிரசங்கம் நீண்டால் எல்லோர் காதிலும் விழும்படி கொட்டாவி விடுவாள்.

எங்கள் போதகர் சித்ராக் நல்ல மனிதர். பிரசங்கம், பாட்டு, நோயாளி விசாரிப்பு, சண்டை விலக்குதல் எல்லாம் அவரே. கோயில் கதவைத் திறப்பதும் அவர்தான். "போதகர் இருக்கார்ல" என்று நாங்களும் நிம்மதியாக இருந்தோம்.

ஒரு குளிர்கால முடிவில் அவருடைய குரல் போய்விட்டது. தொண்டையில் கட்டி. டாக்டர் அதை எடுத்துவிட்டு, கோதுமை அறுப்பு முடியும்வரை ஒரு வார்த்தை பேசக் கூடாது என்றார்.

சபை கூடியது. "பட்டணத்திலேருந்து யாரையாவது வரவழைப்போம்" என்றார் மூப்பர் புஷ்ரா. போதகர் தலையை ஆட்டி மறுத்தார். எழுந்துபோய் ஞாயிறு பள்ளிக் கரும்பலகையில் எழுதினார்: 'பிரசங்கம், புஷ்ரா. பெண்களை விசாரிக்க, அன்சாஃப்.'

"நானா? எனக்கு எழுத்தே பாதிதான் தெரியும். வாய் மட்டும்தான் முழுசு" என்றாள் அன்சாஃப்.

"அந்த வாய்தான் எங்களுக்கும் பயம்" என்றார் புஷ்ரா.

"நீங்க பிரசங்கம் பண்ணப் போறதவிடவா பயம், மூப்பரே?"

போதகர் சத்தமில்லாமல் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

அவள் முதலில் போனது ஜலீலா வீட்டுக்கு. இளம்பெண், குழந்தை வயிற்றிலேயே இறந்து பிறந்திருந்தது. அப்போது போதகர் வந்து ஆண்களோடு முற்றத்தில் உட்கார்ந்து ஜெபித்துவிட்டுப் போயிருந்தார். உள்ளே ஜலீலா சுவரைப் பார்த்துப் படுத்தவள், இன்னும் யாரோடும் பேசவில்லை.

வழியெல்லாம் ஒரு சங்கீதத்தை மனப்பாடம் செய்துகொண்டு போனாள் அன்சாஃப். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்ததும் அத்தனையும் மறந்துபோனது.

"புள்ளைக்குப் பேர் வெச்சியாடி?" என்று கடைசியில் கேட்டாள்.

ஜலீலா திரும்பினாள். "வைக்க விடலக்கா. மூச்சு விடாததுக்கு எதுக்குப் பேருன்னுட்டாங்க."

"நீ மனசுல ஒண்ணு வெச்சிருப்பியே."

ஜலீலா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அப்புறம் சொன்னாள். அந்தப் பெயரைச் சொல்லித்தான் அன்று அன்சாஃப் ஜெபித்தாள். அந்தப் பெயர் என்னவென்று இன்றுவரை ஊரில் வேறு யாருக்கும் தெரியாது.

அடுத்த வாரம் அவள் கிளம்பியபோது ஜலீலா கறுப்புத் துணியைத் தலையில் போட்டுக்கொண்டு வாசலில் நின்றிருந்தாள். "நானும் வரேன்." அறுப்புக்குள் விசாரிக்கப் போகும் பெண்கள் நாலைந்து பேராகிவிட்டார்கள். புஷ்ராவின் பிரசங்கம் தடுமாறியது, ஆனால் சீக்கிரம் முடிந்தது. சபைக்கு வராதவர்களெல்லாம் வர ஆரம்பித்தார்கள்.

போதகருக்குக் குரல் கரகரப்பாகத் திரும்பியது. "அப்பாடா, இனி உங்க பாடு" என்று புஷ்ரா பெருமூச்சு விட்டார். அன்சாஃபும் ரொட்டி வேலையைப் பார்க்கப் போய்விட்டாள்.

ஒருநாள் மாலை, காய்ச்சலாய்க் கிடந்த ஒரு கிழவியைப் பார்க்கப் போனார் போதகர். கிழவி அவருக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். "அன்சாஃப் வரலையா?"

மறுநாள் காலை அவர் அன்சாஃப் வீட்டு மாடிக்கு ஏறி வந்தார். வெயிலில் புளிக்க வைத்த மாவு வட்டங்களுக்கு நடுவே அவள் குந்தியிருந்தாள்.

"அந்தம்மா அப்படிக் கேட்டது எனக்கு வலிச்சுதும்மா" என்றார். "வலிக்கக் கூடாது. ஆனா வலிச்சுது."

"வலிக்காதா பின்ன? எல்லாத்தையும் நீங்களே தூக்கினீங்க. நாங்களும் நீங்களே தூக்குங்கன்னு விட்டுட்டோம். ரெண்டு பேர் மேலயும் தப்புதான்."

"ஜலீலாகிட்ட அப்படி என்னதான் சொன்னீங்க?"

"நான் ஒண்ணும் சொல்லல. அவ சொன்னா. அதை உங்ககிட்ட சொல்ல மாட்டேன், ஐயா."

தன் மந்தையில் தனக்குத் தெரியாத ஒன்று இருப்பதைச் சற்றுநேரம் யோசித்துப் பார்த்தார் போதகர். பிறகு, "சொல்லாதீங்க. அதுதான் சரி" என்றார். "வேலையை விட்டுடாதீங்க. புஷ்ராகிட்டயும் சொல்லிட்டேன், மாசத்துல பாதி ஞாயிறு அவருதுதான்."

"அய்யோ பாவம் சபை" என்றாள் அவள். அவர் சிரிக்கவில்லை, படியிறங்கப் போனவர் நின்றார்.

"இன்னொரு வீடு இருக்கு. நர்கிஸ் கொஞ்ச நாளா சரியாவே பேச மாட்டேங்கிறா. நான் கேட்டா ஒண்ணுமில்லைங்கிறா. என் வீட்டுக்கு இதுவரைக்கும் யாரும் விசாரிக்க வந்ததில்லைம்மா."

நர்கிஸ் அவர் மனைவி. அலெக்சாண்ட்ரியாக்காரி. போதகரம்மா என்று மரியாதையாகத் தள்ளி நின்றோமே தவிர, நாங்கள் யாரும் அவளிடம் உட்கார்ந்து பேசியதில்லை.

அன்சாஃப் கையிலிருந்த மாவைத் தட்டி உதறினாள். கீழே அடுப்பிலிருந்து சூடாக இரண்டு ரொட்டியை எடுத்துத் துணியில் சுற்றிக்கொண்டு அவரோடேயே கிளம்பினாள். கதவைத் திறந்த நர்கிஸ் கணவனையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ஐயா, நீங்க எங்கயாவது போய் டீ குடிச்சிட்டு வாங்க. மெதுவா வாங்க" என்றாள் அன்சாஃப்.

போதகர் தெருவில் இறங்கி நடந்தார். பின்னால் கதவு சாத்தும் சத்தம் கேட்டது.